பினாங்கில் கடல் குளியலைத் தொடங்கி வைத்தது யார்? வாத்தியாரின் ஒரு வரியும் வந்த சண்டையும்

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

வணக்கம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அடுத்த மாதம் பத்து பெரிங்கிக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். போகும் முன் படிக்கட்டும் என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "கடலில் பொழுதுபோக்குக்காகக் குளிக்கும் வழக்கம் பினாங்குக்கு ஆங்கிலேயரோடு வந்தது." பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அதற்கு ஒரே ரகளை. அந்த வரியை எடுத்தே ஆக வேண்டுமாம். எடுக்க எனக்கு மனமில்லை. என் காரணத்தைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் கோபத்தை வைத்துவிட்டு விஷயத்தோடு வாருங்கள்.

இங்கிலாந்திலேயே இது மருந்தாகத்தான் ஆரம்பித்தது. ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில் 1626 வாக்கில் ஓர் ஊற்று கண்ணில் பட்டது. அந்தத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வசதியானவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஊற்று கடற்கரையிலேயே இருந்ததால், வந்தவர்களைக் கடலிலும் இறங்கச் சொல்ல வைத்தியர்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், கழலை வீக்கத்துக்குக் கடல்நீரே மருந்து என்று நூல் எழுதினார். குளிக்க மட்டுமில்லை, குடிக்கவும்! அவர் குடியேறிய பிரைட்டன் அதுவரை மீனவர் ஊர். அதன் பிறகு சீமான்கள் ஊர். 1789-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வேமவுத் என்ற கடலோர ஊரில் தலை முழுகியபோது, பக்கத்தில் நின்ற குளியல் வண்டிக்குள்ளிருந்து (உடை மாற்றிக்கொண்டு கடலில் இறங்குவதற்கான சக்கரக் கூண்டு) வாத்திய கோஷ்டி ராஜ வாழ்த்து வாசித்ததாம். 1841-இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சாதாரண ஜனமும் ஒரு நாள் போய்த் திரும்ப முடிந்தது.

மருந்து இப்படித்தான் உல்லாசமானது. அந்த உல்லாசத்தைத்தான் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். 1903-இல் தஞ்சோங் பூங்காவில் பினாங்கு நீச்சல் கிளப் தொடங்கியது. நான் சொல்வது இவ்வளவுதான்.

உப்புக்காற்று (தெலுக் பாஹாங்)

வாத்தியாரே, கும்பிடு. மாசி மகத்தன்று எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? சிங்கமுக காளியம்மன் கடலுக்கு எழுந்தருளும்போது கரையில் நின்று பாருங்கள். பத்து வயதுப் பையனிலிருந்து எழுபது வயதுப் பாட்டி வரை தண்ணீரில் நிற்பார்கள். எங்கள் அப்பாயி நீச்சல் கிளப் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே கிடையாது. மாசி மகம், ஆடி அமாவாசை, யாராவது தவறிவிட்டால் காரியம், எல்லாவற்றுக்கும் கடலில் முழுகித்தான் எழுந்தார். அதை ஏன் உங்கள் குறிப்பில் காணோம்? பிள்ளைகள் வீட்டுக்கு வந்து "ஆயா, உங்களுக்கு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தானா?" என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்ல?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

அக்கா, "பொழுதுபோக்குக்காக" என்ற வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மாசி மகத்தில் நடப்பது தீர்த்தமாடுதல். அதற்கு ஒரு திதி உண்டு, ஒரு காரணம் உண்டு, முழுகி எழுந்தால் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு காரணமும் இல்லாமல் பாயும் சோற்றுப் பானையும் எடுத்துக்கொண்டு போய் மாலை வரை தண்ணீரில் ஊறுகிறோமே, அது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பழைய சுவடி

குழப்புவது யார் ஐயா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர்கள் "தீது நீங்கக் கடலாடியும், மாசு போகப் புனல் படிந்தும்" என்று வருகிறது. முதலில் கடலில் ஆடுகிறார்கள், அப்புறம் ஆற்றில் இறங்கி உப்பைக் கழுவுகிறார்கள். பாவம் போக்கத்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். அடுத்த வரிகளையும் படியுங்கள். நண்டை விரட்டுவதும் அலையில் குதித்து விளையாடுவதும் மணலில் பாவை செய்வதும் பகல் முழுக்க நடக்கின்றன. இதில் எது தீர்த்தம், எது பொழுதுபோக்கு? நீங்களே கோடு போட்டுக் காட்டுங்கள்.

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்குப் பெயரே கடலாடு காதை. இந்திர விழா முடிந்து ஊரே கடற்கரைக்குப் போகிறது. மாதவி வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலும் போகிறார்கள். பரிகாரம் செய்யவா போனார்கள்? புன்னை நிழலில் திரை கட்டி உட்கார்ந்து யாழ் வாசிக்கப் போனார்கள். ஸ்கார்பரோ ஊற்றுக்கு எத்தனை நூற்றாண்டு முன்னால் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே.எல். குமரன்

ஆரம்பிச்சாச்சு லா. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுனாமியையும் நாம்தான் கண்டுபிடித்தோம் என்பீர்கள். பூம்புகார் எங்கே, பினாங்கு எங்கே? கேள்வி பினாங்கைப் பற்றி.

பழைய சுவடி

தம்பி குமரன், பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். பூம்புகார் அங்கிருந்து கூப்பிடு தூரம். வழக்கத்தைக் கரையில் கழற்றி வைத்துவிட்டா வந்தார்கள்?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

இலக்கியச் சான்றை நான் தள்ளவில்லை. ஆனால் அது ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. நடுவில் இருக்கும் கண்ணிகள் எங்கே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கில் தமிழ்க் கூலியாட்கள் பொழுதுபோக்காகக் கடலாடினார்கள் என்பதற்கு ஒரு குறிப்பு காட்டுங்கள். விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பியவனுக்கு ஓய்வு நாள் ஏது? உல்லாசக் குளியலுக்கு முதலில் விடுமுறை வேண்டும், கையில் நாலு காசு வேண்டும், போய் வர வண்டி வேண்டும். இங்கிலாந்திலும் அவை வந்த பிறகுதான் ஏழைகள் கடலைப் பார்த்தார்கள். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம், 1938-இல் சம்பளத்தோடு விடுப்புச் சட்டம். இவற்றை விட்டுவிட்டுக் கடற்கரைக் கூட்டத்தின் வரலாறு எழுத முடியாது.

கப்பித்தான் ஹமீது

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நடுக் கண்ணி கேட்டீர்கள் அல்லவா வாத்தியார், இதோ. மண்டி சஃபார். இஸ்லாமிய ஆண்டின் சஃபர் மாதத்தில் கடைசிப் புதன்கிழமை, வரப்போகும் பலாய், அதாவது ஆபத்து, விலக வேண்டும் என்று மலாய்க்காரர்கள் குடும்பத்தோடு கடலுக்குப் போய்க் குளிப்பார்கள். மலாக்காவில் தஞ்சோங் கிளிங் அதற்குப் பெயர் பெற்ற இடம். மாட்டு வண்டியை ஜோடித்துக்கொண்டு வருவார்களாம். பினாங்கிலும் இருந்தது. பேருக்குச் சடங்கு, ஆனால் நடந்தது முழுக்க முழுக்கப் பிக்னிக். சமைத்துக் கொண்டுபோவது, பாட்டு, கூத்து, இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாம் உண்டு.

மார்க்கத்தில் இதற்கு ஆதாரமில்லை என்று ஆலிம்கள் சொல்லிச் சொல்லி, 1960களுக்குப் பிறகு தேய்ந்துவிட்டது. சொன்னது சரியா தப்பா என்பது வேறு விவாதம், அதை இங்கே இழுக்காதீர்கள். நான் சொல்ல வந்தது, கிளப்பையே பார்க்காத ஜனம் ஆண்டுக்கொரு நாள் கூட்டமாகக் கடலில் குளித்துக் கும்மாளம் போட்டது. இது உங்கள் "பொழுதுபோக்கு" கணக்கில் வருமா வராதா?

உப்புக்காற்று (தெலுக் பாஹாங்)

பாய் சொன்னதுதான் சரி. கோயில் திருவிழாவுக்குப் போனால் சாமி மட்டுமா கும்பிடுகிறோம்? ராட்டினம் சுற்றவில்லையா, வளையல் வாங்கவில்லையா?

இன்னொன்று. "சேலையோடு கடலில் இறங்குவார்கள், குளிக்கத் தெரியாதவர்கள்" என்று நம் பெண்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. கைலியை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி, முனையை இறுக்கிச் செருகிக்கொண்டு இறங்கினால் பெரிய அலைக்கும் அவிழாது. எங்கள் அம்மா அப்படித்தான் இறங்குவார். பக்கத்தில் மலாய்க்கார அத்தைக்கும் அதே கட்டு. யாருக்கும் கூச்சமில்லை. வாத்தியாரின் இங்கிலாந்துப் பெண்கள் எப்படிக் குளித்தார்கள் என்று நானும் தேடிப் படித்தேன். சிரிப்புத் தாங்கவில்லை.

நாலு சக்கரத்தில் ஒரு மரக்கூண்டு. கரையில் அந்த அம்மா அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். குதிரை அதை இழுத்துத் தண்ணீருக்குள் கொண்டு போகும். உள்ளே குலுக்கலில் தடுமாறிக்கொண்டே உடை மாற்ற வேண்டும். கடல் பக்கத்துக் கதவைத் திறந்தால் படிக்கட்டு. மார்கேட் என்ற ஊரில் பெஞ்சமின் பீல் என்பவர் 1750 வாக்கில் அதற்கு மேல் ஒரு கேன்வாஸ் கூடாரத்தையும் மாட்டினார். குடை மாதிரி கடல் பக்கம் இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவர் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார். கீழே இடுப்பளவு தண்ணீரில் ஒரு தடித்த பெண்மணி காத்திருப்பார். முழுக்காட்டுவதுதான் அவர் தொழில். பிரைட்டனில் மார்த்தா கன் என்று ஒருவர் அதில் ஊரறிந்த ஆள். பிடித்து ஒரு முக்கு, இன்னொரு முக்கு, மறுபடி கூண்டுக்குள். குதிரை திருப்பி இழுத்து வரும். இதுதான் உல்லாசமா வாத்தியாரே? எங்கள் அப்பாயி இதைவிட உல்லாசமாகத் தீர்த்தமாடினார்!

கே.எல். குமரன்

அந்தக் கூண்டு வாடகைக்குக் கிடைத்தால் நான் பத்து பெரிங்கிக்கு வருகிறேன்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. 1735-இல் ஸ்கார்பரோவை வரைந்த ஒரு படத்திலேயே அந்த வண்டி இருக்கிறது. ஆண்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல ஊர்களில் ஒட்டுத்துணி இல்லாமல் குளித்தார்கள். 1847-இல் வந்த நகரக் காவல் சட்டம், ஆண்கள் வண்டி எங்கே, பெண்கள் வண்டி எங்கே, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஊர் நிர்வாகமே விதி போட அதிகாரம் கொடுத்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கலாம் என்று பெக்ஸ்ஹில் ஊரில் அனுமதித்தது 1901-இல்.

கவனியுங்கள். கட்டணம், நேரம், எல்லை, சட்டம், வாடகை, அதற்கென்று தொழில் செய்கிறவர்கள். பொதுக் கடல் குளியல் என்ற ஏற்பாடு இதுதான். அதைத்தான் ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள் என்கிறேன். அலையில் குதிப்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, நாய்க்குட்டியும் குதிக்கும்.

பாகான்காரன்

இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். "பொதுக் கடல் குளியல்" என்று வாத்தியார் எழுதியதும் பொறுக்கவில்லை. ஐயா, 1903-இல் தஞ்சோங் பூங்காவில் தொடங்கியது எப்படிப் பொது ஆகும்? அது ஐரோப்பியர்களுக்கு மட்டும். உங்களுக்கும் எனக்கும் வாசலில் நிற்கக்கூட இடமில்லை. கையில் பணம் இருந்த சீனர்கள் என்ன செய்தார்கள்? 1928-இல் அதே தஞ்சோங் பூங்காவில் சீனர் நீச்சல் கிளப்பைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரிலும் இதே கதைதான். அங்கே வெள்ளையர் கிளப் 1894, சீனர் கிளப் 1905. காசு இருந்தவன் தனக்கொரு சுவர் கட்டிக்கொண்டான், இல்லாதவன் சுவர் இல்லாத இடத்தில் குளித்தான்.

ஆக, ஆங்கிலேயர் கொண்டுவந்தது குளியலை இல்லை, வேலியை. நிஜமான வேலியும் உண்டு. சுறாவும் முதலையும் வராமல் கடலுக்குள் கழி நட்டு அடைத்துக் குளிக்கும் இடம் கட்டினார்கள். பாகார் என்பார்கள். சிங்கப்பூர் காத்தோங், சாங்கி பக்கம் பிரபலம். அதில் தப்பில்லை, உயிர்ப் பாதுகாப்பு. ஆனால் யார் வேலிக்கு உள்ளே, யார் வெளியே என்பதும் அதோடு சேர்ந்தே முடிவானது.

எங்கள் தாத்தா செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்துப் பால்மரக்காரர். தீபாவளிக்கு மறுநாள் தோட்ட லாரியில் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு பாகான் ஆஜாம் கடற்கரைக்குப் போவார்களாம். அங்கே பாகார் கிடையாது, கிளப் கிடையாது, வைத்தியர் சிபாரிசும் கிடையாது. பெரிய அண்டாவில் புளிச்சோறு, அவித்த முட்டை. ஆண்கள் வெறும் அண்டர்வேரோடு இறங்க, சின்னப் பிள்ளைகள் அதுவும் இல்லாமல் இறங்க, லாரிக்காரர் ஹாரன் அடிக்கும் வரை தண்ணீரை விட்டு வர மாட்டார்கள். இதை எந்த வெள்ளைக்கார துரை சொல்லிக்கொடுத்தார்?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது, நியாயமும்கூட. ஆனால் லாரியும் தீபாவளி விடுமுறையும் எந்த ஏற்பாட்டில் வந்தன என்று யோசியுங்கள். தாத்தாவின் தாத்தா அப்படி லாரியில் போயிருப்பாரா?

பாகான்காரன்

மாட்டு வண்டியில் போயிருப்பார். ஹமீது பாய் இப்போதுதானே சொன்னார்!

பழைய சுவடி

கோவேறு கழுதையிலும் போகலாம்.

கே.எல். குமரன்

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இப்போது யார் அந்தக் கடலில் குளிக்கிறார்கள்? கர்னி டிரைவ் கடலோரச் சாலையில் மணல் இருந்தது, பிள்ளைகள் இறங்குவார்கள் என்று எங்கள் மாமா சொல்வார். எனக்கு விவரம் தெரிந்து அங்கே சேறுதான். இப்போது கடலையே நிரப்பிப் பூங்கா கட்டிவிட்டார்கள். பத்து பெரிங்கியில் ஜெட் ஸ்கீ ஒரு பக்கம், சொறிமுட்டை (ஜெல்லி மீன்) ஒரு பக்கம். பினாங்குக்காரர்களே ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டுக் கடலை போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். யார் தொடங்கினார்கள் என்று சண்டை போடுவதைவிட யார் நிறுத்தினார்கள் என்று கேட்கலாம்.

கப்பித்தான் ஹமீது

குமரன் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலிக் பூலாவ் பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தவர்களைத்தான் சுனாமி அலை கொண்டுபோனது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் நம் பினாங்கில். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறங்க விடுவதில்லை. இன்றும் அப்படித்தான்.

உப்புக்காற்று (தெலுக் பாஹாங்)

எங்கள் கரையிலும் அடித்தது பாய். படகும் வலையும் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அடுத்த மாசி மகத்துக்கு ஜனம் வராமல் இல்லை. பயந்துகொண்டே வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். குமரன் தம்பி, "யார் குளிக்கிறார்கள்" என்று கேட்கும் முன் ஒரு ஞாயிறு 101-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி வாருங்கள். நேப்பாளி, வங்காளதேசத்துத் தம்பிகள், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிப் பெண்கள், நம் ஆட்கள், எல்லாரும் கரையில்தான். நீங்கள் பார்த்தது ஹோட்டல் பக்கத்து மணல் மட்டும்.

பாகான்காரன்

ஹோட்டல் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். லோன் பைன் ஹோட்டல் 1948-இல் வந்தபோது பத்து பெரிங்கி மீனவக் கம்போங், அதாவது கிராமம். எழுபதுகளில் ஹிப்பிகள் குடிசை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். 1973-இல் ராசா சாயாங் ஹோட்டல் வந்தது, அதன் பிறகு வரிசையாக ஹோட்டல்கள். சாலையிலிருந்து பார்த்தால் இன்று சில இடங்களில் கடலே கண்ணில் படாது, மதில்தான். ஆனால் தேசிய நிலச் சட்டம், 1965-இல் வந்தது, அதன்படி கடற்கரை என்பது பெருநீர்மட்டக் கோட்டுக்கும் (கடல் ஏறும் எல்லை) தாழ்நீர்மட்டக் கோட்டுக்கும் (கடல் வற்றும் எல்லை) நடுவில் உள்ள நிலம். அது மாநில நிலம். ஹோட்டல் தோட்டம் ஹோட்டலுடையது, ஈர மணல் இல்லை. காவலாளி விசிலடித்து விரட்டியதாக யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு முறை அப்படி விரட்டப்பட்டவன்தான். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு இருபதடி கீழே ஈர மணலில் போய் உட்கார்ந்தேன், அவர் ஒன்றும் பேசவில்லை.

வாத்தியார், பிள்ளைகளுக்கு 1903-ஐச் சொல்லிக்கொடுப்பதென்றால் இதையும் சொல்லிக்கொடுங்கள்.

பழைய சுவடி

நிலச் சட்டம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதிகம். பட்டினப்பாலை இரண்டு வரி போதும்.

உப்புக்காற்று (தெலுக் பாஹாங்)

பட்டினப்பாலை மட்டும் அதிகமில்லையா சுவடி ஐயா? "புனல் படிந்தும்" என்றால் என்ன என்று கேட்டால் கரையில் காசு கொடுத்துக் குளிக்கும் குழாயைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். உப்பு காயும் முன் கழுவாவிட்டால் பஸ்ஸில் ஊர் வரை சொறிய வேண்டியதுதான். அதற்கு உரையாசிரியர் வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. வரியை எடுக்கப் போவதில்லை. இப்படி வைக்கிறேன்: "கடலில் நீராடுவது தமிழர், மலாய்க்காரர் இருவரிடமும் பழைய வழக்கம். அதற்கென்று கிளப், கட்டணம், விதிகள் என்ற ஏற்பாடு பினாங்குக்கு ஆங்கிலேயரோடு வந்தது. 1903-இல் தொடங்கிய முதல் கிளப்பில் ஐரோப்பியர்கள் மட்டுமே சேர முடிந்தது." கீழே மாசி மகத்துக்கும் மண்டி சஃபாருக்கும் தலா ஒரு பத்தி. குளியல் வண்டியின் படம் ஒன்றும் போடுகிறேன், பிள்ளைகள் ரசிப்பார்கள்.

உப்புக்காற்று (தெலுக் பாஹாங்)

"இருவரிடமும் பழைய வழக்கம்" என்பது ஒரே ஒரு வாக்கியம், கிளப்புக்கு மட்டும் இரண்டா? மாசி மகத்தைக் கீழே தள்ளாதீர்கள், மேலே கொண்டுவாருங்கள்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

காலவரிசைப்படி என்றால் மேலேதான் வரும். மாற்றிவிடுகிறேன். ஆனால் "பொழுதுபோக்கு" பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

பழைய சுவடி

புன்னை நிழலில் யாழ் வாசித்தவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

பாகான்காரன்

ஈர மணல் பத்தி?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

அதைத் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் தம்பி. நாங்கள் போகும்போது மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் போவது ஒரு ஹோட்டலுக்கு முன்னால்தான்.